முன் சக்கரம் தூக்கும் டிராக்டரும் மருமகனின் அமெரிக்கக் கொக்கியும்

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவர் நீடாமங்கலம் பக்கத்து விவசாயி. 42 எச்.பி. டிராக்டர், இரண்டு சக்கர டிப்பர் வைத்திருக்கிறார். அறுப்பு சமயத்தில் வயலிலிருந்து ஆற்றுக்கரை ரோட்டுக்கு நெல்லோடு ஏறும்போது முன் சக்கரம் தூக்குகிறது, ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி திரும்புவதில்லை. டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் பிக்கப் வண்டியில் கேரவன் டிரெய்லர் இழுக்கிறார். அவர் வண்டியும் முன்னால் தூக்கியதாம். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்த ஒரு கொக்கியைப் போட்டதும் சரியாகிவிட்டது என்று வீடியோ அனுப்பியிருக்கிறார். அதை நம் ஊர் லேத் பட்டறையில் செய்து டிராக்டரில் போடலாமா? மருமகன் அட்ஜஸ்ட் செய்தது சரியா? பின் டயரில் தண்ணீர் ஏற்றினால் போதுமா? கேள்வி மூன்று.

முதல் கேள்விக்குப் பதில்: போடாதீர்கள். வெல்டிங் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் வேண்டாம். ஏன் என்பதைச் சொல்ல, அந்தக் கொக்கி அங்கே என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

உங்கள் மருமகன் இழுக்கும் கேரவன் சாமான், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த வகை டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில், அதாவது பிக்கப்பின் பின்னால் இருக்கும் உருண்டையின் மேல் இறங்க வேண்டும். 12 சதவீதம் என்றால் 360 கிலோ. உருண்டை பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, அதற்கு ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது. 1.3 மீட்டர் என்றும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3.6 மீட்டர் என்றும் எடுத்துக்கொண்டால், 360-ஐ 1.3-ஆல் பெருக்கி 3.6-ஆல் வகுக்க 130 வரும். முன் சக்கரங்களிலிருந்து 130 கிலோ கழன்றுவிட்டது. பின் அச்சில் 360-ம் ஏறி, அந்த 130-ம் சேர்ந்து 490 கிலோ அழுந்துகிறது. ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், ஸ்டியரிங் லேசாகும், மழையில் பிரேக் அடித்தால் முன் டயர் வழுக்கும்.

இங்கேதான் அந்தப் பட்டைகள் வருகின்றன. கொக்கித் தலையிலிருந்து டிரெய்லர் சட்டத்தின் அடியில் பின்னோக்கிப் போகும் இரண்டு வில் பட்டைகள் அவை. பின் முனையைச் சங்கிலி போட்டு மேலே இழுத்து டிரெய்லர் சட்டத்தில் மாட்டுவார்கள். பட்டை வளைந்து நிமிரப் பார்க்கும். அந்த முறுக்கு கொக்கித் தலை வழியாகப் பிக்கப்பின் வாலை மேலே தூக்கி முன் அச்சை அழுத்துகிறது. பின் அச்சிலிருந்து எடுத்த பாரம் முன் அச்சுக்குக் கொஞ்சம், டிரெய்லர் சக்கரங்களுக்குக் கொஞ்சம் எனப் பிரிகிறது. எடை எங்கும் குறைவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அதனால் இந்தக் கொக்கியைப் போட்டுவிட்டோம் என்பதற்காகக் கம்பெனி சொன்ன இழுவை அளவைத் தாண்டி ஒரு கிலோ கூட ஏற்றக் கூடாது.

மருமகன் செய்தது சரியா என்று வீடியோவை வைத்துச் சொல்ல முடியாது. அளந்தாரா என்று கேளுங்கள். சமதளத்தில் பிக்கப்பைத் தனியாக நிறுத்தி, முன் மட்கார்டின் வளைவு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் பிடித்துக் குறிக்க வேண்டும். 92 என்று வையுங்கள். பிறகு பயணத்துக்குப் போவதைப் போலவே சாமானும் தண்ணீரும் ஏற்றிய டிரெய்லரைப் பட்டை மாட்டாமல் உருண்டையில் மட்டும் உட்கார வைத்து அளக்க வேண்டும். 96 வந்தால் முன்பக்கம் 4 சென்டிமீட்டர் தூக்கியிருக்கிறது. பட்டையை இழுத்து மாட்டியபின் அது 94-க்காவது இறங்க வேண்டும். தூக்கியதில் பாதியாவது திரும்ப வர வேண்டும் என்பது பல வண்டிக் கையேடுகள் சொல்லும் அளவு. சில கம்பெனிகள் இன்னும் கூடுதலாகக் கேட்கும். அவருடைய வண்டிக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அவருக்குச் சட்டம். ஆனால் 92-க்குக் கீழே போகவே கூடாது. போனால் பின் சக்கரத்தில் பாரம் குறைந்து, வளைவில் பின்பக்கம் வெளியே ஓடும்.

இறங்கியது போதவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. சங்கிலியில் ஒரு கண்ணி கூட்டிப் பிடித்தால் பட்டை இன்னும் வளையும். அதிலும் சரிவரவில்லை என்றால் கொக்கித் தலைக்குள் இருக்கும் வாஷரைக் கூட்டித் தலையைப் பின்னோக்கி இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டும். கண்ணி ஒன்று மாற்றினாலே கணிசமாக வித்தியாசம் தெரியும். வாஷர் நுணுக்கமான வேலைக்கு. அதற்கு முன்பே உருண்டையின் உயரத்தைச் சரிசெய்து, டிரெய்லர் மட்டமாகவோ மூக்கு ஒரு விரல் தாழ்ந்தோ நிற்கும்படி வைத்திருக்க வேண்டும். மூக்கு நிமிர்ந்த டிரெய்லர் ரோட்டில் ஆடும். கடைசியாக போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன டார்க்கில் முறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

பட்டையை மாட்டும்போதும் கழற்றும்போதும் டிரெய்லர் மூக்கு ஜாக்கியால் கொக்கியோடு சேர்த்துத் தூக்கி, பட்டையின் இறுக்கம் தளர்ந்த பிறகே கை வைக்கச் சொல்லுங்கள். இறுக்கத்தோடு விடுபட்டால் அந்தப் பட்டை முகத்தைப் பெயர்த்துவிடும். அங்கே லாரிகள் நிற்கும் இடங்களில் அச்சு அச்சாக எடை காட்டும் மேடை உண்டு. பட்டையோடு, பட்டை இல்லாமல், பிக்கப் தனியாக என்று மூன்று எடை எடுத்தால் டேப் அளவைவிட நம்பகமான கணக்கு கிடைக்கும். டிரெய்லர் வால் ஆடுகிறது என்று அவர் சொன்னால் பட்டையை இறுக்குவது மருந்தல்ல. முதலில் மூக்குப் பாரம் 10 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் சைக்கிளும் ஜெனரேட்டரும் கட்டிவைத்துவிட்டு ஆடுகிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய.

சரி, நம் கதைக்கு வருவோம்.

பட்டைக் கொக்கி வேலை செய்ய வேண்டுமென்றால் ரோடு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். பிக்கப்பும் டிரெய்லரும் பள்ளத்தில் V போல மடங்கினால் பட்டை அளவுக்கு மீறி வளைந்து, பிக்கப்பின் பின் சக்கரத்தையே தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். அதனால்தான் செங்குத்தான சரிவில் பட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள். நம் டிப்பர் வரப்பு தாண்டுகிறது, வாய்க்கால் மதகு மேல் ஏறி இறங்குகிறது, கரைச் சரிவில் மடங்குகிறது. ஒரு நடையில் பத்துத் தடவை V ஆகிறது. பின் சக்கரத்தில் அழுத்தம் தேவைப்படும் இடத்தில் அது தூக்கிவிட்டால், சேற்றில் சக்கரம் சுழன்றுகொண்டு நிற்கும். இன்னொன்று, பிக்கப்புக்கு நீளமான சேஸி இருக்கிறது, முறுக்கைத் தாங்கும். டிராக்டரில் கொக்கியைத் தாங்கும் பிராக்கெட் பின்பக்க ஹவுசிங்கில், அதாவது பின் அச்சை மூடியிருக்கும் வார்ப்புப் பெட்டியில், போல்ட் போட்டு நிற்கிறது. நேராக இழுப்பதற்கும் மேலிருந்து அழுத்துவதற்கும்தான் அது. முறுக்கித் தூக்கும் பட்டைக்கு அல்ல. ஆணி (பின்) போட்டு மாட்டும் நம் கொக்கியில் ஆட்டமும் அதிகம். பட்டை இறுகுவதற்குள் அந்த ஆணி கோணிக்கொள்ளும். மொத்தத்தில் பட்டறைக்காரர் கெட்டிக்காரராக இருந்தால் ஹவுசிங் உடையும், சுமாரானவராக இருந்தால் பட்டை உடையும்.

மருமகன் வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் நோய் ஒன்றுதான், முன் அச்சில் பாரம் குறைவது. ஆனால் டிராக்டரில் அது மூன்று வழியாகக் குறைகிறது. பிக்கப்பில் பெரும்பாலும் ஒரு வழிதான்.

உங்கள் டிராக்டர் 2,000 கிலோ, அச்சுக்கு அச்சு 1.9 மீட்டர், வெறும் வண்டியாக நிற்கும்போது முன் அச்சில் 760 கிலோ என்று கொள்வோம். அந்த அளவு எச்.பி.க்கு இது பொதுவான கணக்கு. டிப்பர் 1,000 கிலோ, நெல் 4,000 கிலோ, ஆக 5,000. கொக்கியில் 900 கிலோ இறங்குகிறது, கொக்கி பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால். 900-ஐ 0.6-ஆல் பெருக்கி 1.9-ஆல் வகுக்க 284. மீதி முன்னால் 476. சமதளத்தில் நிற்கும்போது இவ்வளவுதான் குறைவு. தெருவில் ஓட்டிப் போகும்போது எதுவும் தெரியாது.

இப்போது கரை ஏறுங்கள். பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவு என்றால் 5,000 கிலோ டிப்பரை மேலே இழுக்க 500 கிலோ விசை, இளகிய மண்ணில் சக்கரம் உருள 200, ஆக 700 கிலோ இழுவை. கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த நெம்புகோல் அளவுக்கு இந்த இழுவை டிராக்டரைப் பின்னால் சாய்க்கிறது. 75 சென்டிமீட்டரில் மேல் ஓட்டையில் மாட்டியிருந்தால் 700-ஐ 0.75-ஆல் பெருக்கி 1.9-ஆல் வகுக்க 276. சரிவில் டிராக்டரின் சொந்த எடையே பின்னால் சாய்வதில் இன்னொரு 74. 476-லிருந்து இரண்டையும் கழித்தால் முன் சக்கரத்தில் மிச்சம் 126 கிலோ. கிளட்சைச் சட்டென்று விட்டால் அதுவும் போயிற்று. டிராக்டரின் வெற்று எடையில் 20 சதவீதமாவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது பல கம்பெனிக் கையேடுகளில் உள்ள விதி. உங்கள் வண்டிக்கு அது 400 கிலோ. அதற்குக் கீழே ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. உங்களுக்கு நடப்பது அதுதான்.

சில்லறைக் கணக்குகளை விட்டுவிட்டேன். உங்கள் வண்டியில் எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனால் எங்கே கை வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பது இதில் தெரிந்துவிடும்.

முதலில் கொக்கி உயரம். செலவில்லாத வைத்தியம். பின்னால் குனிந்து பாருங்கள். டிரெய்லர் கொக்கிப் பிராக்கெட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓட்டைகள் இருக்கும். மேல் ஓட்டையில் மட்டும் துரு தேய்ந்து பளபளவென்று இருந்தால், அந்த வண்டி வாழ்நாள் முழுக்க மேலேயே மாட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். சேற்றில் கொக்கி இடிக்கிறது, டிப்பர் மூக்குத் தாழ்கிறது என்று சொல்லி டிரைவர்கள் மேலே ஏற்றிவிடுவார்கள். அதே கொக்கியை 45 சென்டிமீட்டருக்கு இறக்கினால் 276 என்பது 166 ஆகிறது. முன்னால் 126 இருந்த இடத்தில் 236. டிப்பர் மூக்கு ரொம்பத் தாழ்ந்தால் டிப்பர் பக்கத்து வளையத்தை மேலே மாற்றி வெல்டு வைத்துக்கொள்ளுங்கள். லேத் பட்டறைக்குப் போக இது நல்ல காரணம். டாப் லிங்க், அதாவது கலப்பையை மேலே பிடிக்கும் கம்பி, மாட்டும் இடத்தில் எதையும் கட்டி இழுப்பது மட்டும் ஒருபோதும் வேண்டாம். பின்னால் கவிழ்ந்த டிராக்டர்களில் இந்தத் தவறு அடிக்கடி வரும். முன் சக்கரம் கிளம்பி வண்டி தலைகீழாக விழுவதற்கு ஒன்றரை வினாடி போதும். கிளட்சை மிதிக்கக் கால் போவதற்குள் முடிந்துவிடும்.

அடுத்தது நெல் எங்கே விழுகிறது என்பது. மாட்டு வண்டி ஓட்டியவர்கள் முன்பாரம் பின்பாரம் பார்த்துத்தான் அட்டி போடுவார்கள், மாட்டின் கழுத்து சொல்லிவிடும். டிராக்டருக்குக் கழுத்து வலிக்காததால் நாம் கவனிப்பதில்லை. பெல்ட் மிஷின், அதாவது பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம், நெல்லைக் கொட்டும்போது கவனியுங்கள். மிஷின்காரருக்கு வசதியான இடத்தில் குழாயை நிறுத்துவார், அது அநேகமாகப் பெட்டியின் முன்பாதியாக இருக்கும். குவியல் முன் பலகையில் சாயும், பின் கதவுப் பக்கம் பலகை பாதி தெரியும். யாரும் உள்ளே இறங்கித் தள்ளாமல் அப்படியே கிளம்பிவிடுவார்கள். 200 கிலோ நெல்லை, அதாவது கொள்முதல் நிலையத்துக் கணக்கில் 40 கிலோ மூட்டை ஐந்து, முன் பலகையிலிருந்து இரண்டரை மீட்டர் பின்னால் தள்ளினால், கொக்கிக்கும் டிப்பர் அச்சுக்கும் 3 மீட்டர் இருக்கும் வண்டியில் கொக்கிப் பாரம் 167 கிலோ குறையும். முன் சக்கரத்துக்கு 53 கிலோ திரும்பும். 236 என்பது 289. ஒரு ஆள், ஒரு தள்ளுபலகை, கொஞ்ச நேரம், அவ்வளவுதான் செலவு.

அதற்காக எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடாதீர்கள். பாரம் டிப்பர் அச்சுக்குப் பின்னால் போனால் கொக்கி மேல்நோக்கித் தூக்கும். பின் சக்கரத்தில் பிடிப்பு போகும், ரோட்டில் டிப்பர் வால் ஆடும். கொக்கியில் கொஞ்சம் பாரம் இருந்தால்தான் பின் சக்கரம் மண்ணைப் பிடிக்கும். கொக்கிப் பாரம் டிப்பரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்குள் நின்றால் இரண்டு பக்கமும் வஞ்சனை இல்லை.

சைடு பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினோரடிக்கு ஆறடிப் பெட்டியில் இரண்டடி உயரத்துக்கு நெல் நிரப்பினால் இரண்டு டன்னுக்குச் சற்று மேலே வரும். இன்னும் இரண்டடி பலகை வைத்து நிரப்பினால்தான் நான்கு டன் தாண்டும். நெல்லுக்கு அந்தப் பலகை ஒரு அளவில் நியாயம். அறுப்பு முடிந்து அதே வண்டியில் ஈரமான மணலோ சவுட்டு மண்ணோ ஏற்றினால், பலகை இல்லாமலேயே அதே இரண்டடிக்கு ஆறு டன். உயரத்தைப் பார்த்து எடை சொல்லும் பழக்கம் நெல்லில் சரியாக இருக்கும், மண்ணில் காலை வாரிவிடும். ஈர நெல்லுக்கும் இது பொருந்தும். மழையில் நனைந்து, கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்ற வரம்பைத் தாண்டிய நெல்லை ஏற்றும்போது கண்ணுக்குத் தெரியாத தண்ணீரையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறீர்கள்.

மூன்றாவது, முன் வெயிட். இது காசு செலவு, ஆனால் வீண் செலவு அல்ல. பம்பரில் மாட்டும் வார்ப்பு வெயிட் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால் தன் எடையைவிடக் கூடுதலாக வேலை செய்யும். முன் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் 150 கிலோ மாட்டினால், 150-ஐ 2.5-ஆல் பெருக்கி 1.9-ஆல் வகுக்க 197 கிலோ முன் சக்கரத்தில் விழும். 289 என்பது 486. உங்கள் 400-ஐத் தாண்டிவிட்டோம். கம்பெனி வெயிட்டையே வாங்குங்கள், அதற்கான பிராக்கெட்டோடு. தண்டவாளத் துண்டு, மாவு மில் கல் என்று கட்டித் தொங்கவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு குழியில் இறங்கினால் அவை ரேடியேட்டருக்குள் வந்துவிடும். முன் டயரின் காற்றையும் அந்தப் பாரத்துக்குத் தக்கபடி வையுங்கள். சேற்றுழவுக்குப் போகும்போது வெயிட்டைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் முன் சக்கரம் வயலில் புதையும்.

இப்போது தண்ணீர். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றினால் ஒரு டயருக்கு 150 லிட்டருக்கு மேல் பிடிக்கும், பிடிப்பு நன்றாகக் கூடும், உழவுக்கு நல்லது. ஆனால் முன் சக்கரத்துக்கு அதனால் ஒரு கிலோ கூடப் போவதில்லை, ஏனென்றால் அந்தத் தண்ணீர் பின் அச்சுக்கு நேராகவே நிற்கிறது. கேட்டதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. இதுவரை கரை ஏறும்போது முன்னால் தூக்குவதற்குள் பின் சக்கரம் வழுக்கிச் சுழன்றிருக்கும். அந்த வழுக்கல்தான் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏற்றியபின் சக்கரம் வழுக்காது, இழுவை முழுக்க வண்டியைப் பின்னால் சாய்ப்பதில் போகும். முன் வெயிட் மாட்டிய பிறகு பின் டயருக்குத் தண்ணீர் ஏற்றுங்கள். வரிசை மாறக் கூடாது.

இதே காரணத்துக்காகத்தான், புதைந்த சக்கரத்தில் பனங்கட்டையோ பலகையோ கட்டி முன்னோக்கி ஏறப் பார்ப்பது கொலைக்குச் சமம். சக்கரம் சுழல முடியாமல் கட்டை மாட்டிக்கொண்டால், எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக அச்சைச் சுற்றி டிராக்டரையே தூக்கிக் கவிழ்க்கும். டிப்பரைக் கழற்றிவிட்டுப் பின்னோக்கி வாருங்கள், அல்லது வேறு வண்டியால் தாழ்ந்த கொக்கியில் இழுக்கச் சொல்லுங்கள்.

கரையைப் பற்றியும் யோசியுங்கள். மேலே போட்ட கணக்கு பத்துக்கு ஒன்று சரிவுக்கு. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு பிரியும் உங்கள் பக்கத்தில் கரைகள் உயரமானவை. வயலிலிருந்து ஏறும் வழி பல இடங்களில் ஆறுக்கு ஒன்று என்றுதான் இருக்கும். அந்தச் சரிவில் தாழ்ந்த கொக்கி, பின்னால் தள்ளிய நெல், 150 கிலோ முன் வெயிட் எல்லாம் சேர்த்தும் முன்னால் 360 கிலோதான் தேறும். 400-ஐத் தொடாது. அங்கே கொக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. நாலு வயல்காரர்கள் சேர்ந்து ஏற்றத்தை நீட்டிச் சவுடு போட்டுச் சரிவைக் குறைப்பது ஒரு வழி. ஆற்றுக்கரை என்றால் நீர்வளத் துறையினரைக் கேட்காமல் கரையைத் தொடக் கூடாது, வெட்டவே கூடாது. இல்லையென்றால் அந்த இடத்தில் பாதி லோடு, இரண்டு நடை. அறுப்பு நேரத்தில் இரண்டு நடை என்றால் மிஷின் காத்திருக்கும், வாடகை ஓடும், தெரியும். அப்படியும் கவிழ்ந்த வண்டியைவிட அது மலிவு.

ஏறும்போது அடிக்கியரை அடிவாரத்திலேயே போட்டு, ஒரே சீராக, நடுவில் கியர் மாற்றாமல் போக வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் அங்கிருந்தே கிளட்ச் விட்டு ஏற முயலாதீர்கள். பின்னால் ஆள் நிற்காமல் பார்த்து, வண்டியை மெதுவாகப் பின்னோக்கிக் கீழே இறக்கி மறுபடி வாருங்கள். கரையின் உச்சி கூரை முகட்டைப் போலக் கூராக இருந்தால், முன் சக்கரம் ஏறி முடித்ததும் இழுவை உச்சத்தில் இருக்கும். அங்கேதான் தூக்கும். அனுமதி வாங்கி அந்த முகட்டை மழுக்கிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

மறுபக்கம் இறங்கும்போது கதை வேறு. நம் டிப்பர்கள் பெரும்பாலானவற்றில் தனியாக பிரேக் கிடையாது, ஐந்து டன்னும் டிராக்டரின் முதுகில் வந்து தள்ளும். வயலில் திரும்புவதற்காக இடது, வலது பிரேக்கைப் பிரித்து வைத்திருப்பீர்கள். ரோடு ஏறியதும் இரண்டு பெடலையும் இணைக்கும் கொண்டியைப் போட மறக்காதீர்கள். பிரிந்த பெடலில் ஒரு பக்கம் மட்டும் அழுந்தினால் டிப்பர் டிராக்டரை மடக்கி வாய்க்காலில் தள்ளும். நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிடுகிறேன்.

களத்தில் கொட்டும்போது ஒரு விஷயம். டிப்பர் பெட்டி நிமிரும்போது நெல் பின்னால் சரிந்து, கொக்கியில் 900 கிலோ அழுத்திக்கொண்டிருந்த பாரம் சில நொடிகளில் மேல்நோக்கி இழுக்க ஆரம்பிக்கும். ஈர நெல் பெட்டியில் ஒட்டிக்கொண்டு ஒரேயடியாகச் சரிந்தால் டிராக்டரின் பின்பக்கமே குதிக்கும். கொக்கிப் பின்னின் அடியில் லாக் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பியை முறுக்கி வைத்திருந்தால் அதை எறிந்துவிட்டு நல்ல கிளிப் போடுங்கள். அந்த ஆணியே நடுவில் தேய்ந்து இடுப்பு மெலிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கரும்புக்கு நாலு சக்கர டிரெய்லர் இழுப்பவர்களுக்கு இந்தக் கொக்கிப் பாரக் கணக்கு வராது. டிரெய்லரின் முன் அச்சே மூக்கைத் தாங்கிவிடும், இழுவை மட்டும்தான் தூக்கும். நீங்கள் அடுத்த டிப்பர் வாங்கும்போது அதை நினைத்துப் பார்க்கலாம். ஆனால் பின்னோக்கி எடுப்பது தலைவலி, வயலுக்குள் உங்களுக்கு அது சரிப்பட்டு வராது.

இதையெல்லாம் என் எண்ணை நம்பிச் செய்யாதீர்கள். அரிசி மில் எடைமேடையில் நீங்களே எடுத்துவிடலாம். தரைமட்டத்தில் இருக்கும் மேடையாகப் பாருங்கள். சாய்வாக ஏறிப் போகும் மேடையில் இந்த அளவு பொய் சொல்லும். டிப்பரைக் கழற்றி டிராக்டரை மட்டும் முழுதாக ஏற்றி ஒரு எடை, அதன் முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை. பிறகு லோடு டிப்பரை மாட்டி, டிராக்டரின் நான்கு சக்கரமும் மேடையில், டிப்பர் சக்கரம் வெளியே நிற்க ஒரு எடை. இதிலிருந்து முதல் எடையைக் கழித்தால் கொக்கிப் பாரம் வந்துவிடும். கடைசியாக லோடோடு முன் சக்கரம் மட்டும். மில்காரர் வரிசையில் லாரி நிற்கும்போது முகம் சுளிப்பார், மத்தியான நேரத்தில் போங்கள். அந்த நான்கு எடையோடு கொக்கியின் உயரத்தையும், கரைச் சரிவு எத்தனை அடிக்கு எத்தனை அடி ஏறுகிறது என்பதையும் எழுதினால், எத்தனை கிலோ முன் வெயிட் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். அதுவரை கொக்கியைக் கீழ் ஓட்டைக்கு இறக்கி வையுங்கள்.